ஆழ்வார்குறிச்சியில் ஒரு ஜிம் மாஸ்டர் பிழைக்க முடியுமா?

தமிழ்நாட்டில் 500 ஊராட்சிகளில் அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கப்படும் என்று 2016-ல் அறிவிப்பு வந்தது. பூங்காவுக்குத் தலா 20 லட்சம், கூடத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய். 2024-ல் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டம் தொடங்கியது. ஆட்சி மாறியும் அணுகுமுறை மாறவில்லை. பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டால் ஊர் தானாகவே உடலைப் பேணத் தொடங்கிவிடும் என்ற நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடிப்படை. எந்த எடையை யார் தூக்கலாம், முட்டிவலிக்காரர் எப்படி உட்கார்ந்து எழ வேண்டும், சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றில் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் வீட்டில் மாதா மாதம் அடுப்பு எரிய வேண்டும். அதைப் பற்றிய யோசனைக்கு இரண்டு திட்டங்களிலும் போதிய இடம் கிடைக்கவில்லை. பூட்டிக் கிடக்கும் கூடங்களையும் துருவேறிய எந்திரங்களையும் பற்றிப் பல மாவட்டங்களிலிருந்து செய்திகள் வந்துகொண்டிருப்பதற்கு இதுவே முதல் காரணம் என்று கருதுகிறேன். உடற்பயிற்சி சொல்லித்தருவதையே தொழிலாகக் கொண்டு ஒருவர் சிற்றூரில் வாழ முடியும். அதற்கு அவர் சொல்லித்தரும் நேரத்துக்கு நேரடியாகக் கூலி கிடைக்க வேண்டும். அந்தக் கூலி ஒரு சிலரின் பெரிய தொகையாக இல்லாமல் பலரின் சிறு தொகையாகச் சேர வேண்டும். அதில் ஒரு பங்கை ஊர்ப்பொதுப்பணமும் ஏற்க வேண்டும்.

இதை ஆழ்வார்குறிச்சியை வைத்துப் பேசுவது பொருத்தம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், கடனா நதிப் பாசனத்தில், நெல்லை–தென்காசி ரயில் பாதையில் உள்ள பேரூராட்சி இது. 2019-ல் புது மாவட்டம் பிரிந்தபோது தென்காசியோடு சேர்ந்தது; தண்ணீராலும் பழக்கவழக்கத்தாலும் இன்றும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் ஊர்தான். பரமகல்யாணி கல்லூரி இங்கே இருப்பதால் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் கபடி, ஓட்டம், பளுதூக்குதல் என்று விளையாட்டோடு பட்டம் முடித்து வெளியே வருகிறார்கள். அவர்களில் சிலர் திருச்செந்தூரிலோ காரைக்குடியிலோ உடற்கல்வியியல் கல்லூரியில் சேர்ந்து பி.பி.எட். முடிக்கிறார்கள். வேறு சிலர் ஜிம்மில் நாலைந்து வருடம் உடம்பை ஏற்றி, ஆணழகன் போட்டிகளில் மேடையேறி, அதையே பிழைப்பாக்க நினைக்கிறார்கள். இரு சாராருக்கும் அடுத்த படி என்று ஊரில் எதுவும் இல்லை. சென்னைக்கோ கோவைக்கோ வளைகுடாவுக்கோ ரயில் ஏற வேண்டும்.

படித்தவருக்குக் கிடைப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2024 தொடக்கத்தில் அது 12,500 ரூபாய் ஆனது. மீதி நேரத்தில் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் எதிர்பார்ப்பு. உடற்கல்வி ஆசிரியருக்கு அந்த வேறு வேலை எது? தனக்குத் தெரிந்த கலையை மற்றவர்களுக்குக் கற்றுத்தருவதுதான். அதை வாங்கிக்கொள்ள ஊரில் ஓர் ஏற்பாடு இல்லாததால் பட்டம் பெற்றவர் கடை வைக்கிறார், நிலத் தரகு பார்க்கிறார், ஆட்டோ ஓட்டுகிறார். அரசு செலவழித்துப் படிக்கவைத்த திறமை ஊருக்குள்ளேயே பயனின்றிப் போகிறது.

நகரத்து ஜிம்முக்குப் போனவர் நிலை வேறுவிதம். அடிப்படைச் சம்பளம் சொற்பம். தனிப்பயிற்சிக்கு ஆள் பிடித்தால்தான் வருமானம். அந்தக் கட்டணத்திலும் கணிசமான பங்கை ஜிம் எடுத்துக்கொள்ளும். காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு பத்து வரை நீளும் நாளின் நடுவில் ஏழெட்டு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். ஆனால் அறை வாடகை முழு நாளுக்கும்தான். இந்த இடத்தில்தான் புரோட்டீன் பவுடர் நுழைகிறது. ஒரு டப்பா விற்றால் கிடைக்கும் கமிஷன் பல மணி நேரப் பயிற்சிக் கூலியை எட்டிவிடுகிறது. கேரள மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வில் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ எழுபது சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்தின் எச்சமும் இருந்தன. அதே ஆண்டு மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், உடலை ஏற்றுவதற்காகப் புரதப் பொடி சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொன்னது. இந்த எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு ஜிம் மாஸ்டர்களைத் திட்டுவது எளிது. அவர்கள் ஏன் விற்கிறார்கள் என்று கேட்பதே பயன் தரும். சொல்லித்தருவதற்குக் கூலி கிடைக்காத இடத்தில் பொருளை விற்றுத்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. பொடியிலிருந்து ஸ்டீராய்டு ஊசிக்குப் போகும் தூரமும் அதிகமில்லை. இந்தத் தொழிலில் நாம் காணும் கேடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேரில் முளைத்தவை.

உடலைப் பழக்கும் கலை நமக்குப் புதிதல்ல. அதற்குக் கூலி கொடுக்கும் வழக்கந்தான் நிலைத்ததில்லை. தென்மாவட்டங்களில் சிலம்பமும் வர்மமும் அடிமுறையும் ஆசான்களிடமிருந்து சீடர்களுக்குப் போயின. ஆசான் வேளாண்மையோ வைத்தியமோ பார்த்து வயிற்றைக் கழுவினார். தட்சிணை என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. அரசர் ஆதரித்தால் கலை செழிக்கும், ஆதரவு நின்றால் நொடியும். திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் அவர் நடத்திய யோகசாலையிலிருந்துதான் உலகறிந்த யோக ஆசிரியர்கள் சிலர் வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் அரண்மனைப் பணம் நின்றது, யோகசாலை மூடப்பட்டது. அவர் சென்னைக்கு வந்து, வருகிறவரின் வயது, நோய், பலம் பார்த்து ஆளுக்கேற்பக் கற்பித்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்த முறையையே பின்பற்றியது. ஒருவரைப் பார்த்து அவருக்கென்று பயிற்சி வகுப்பது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த நாகரிகம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த யோக மந்திரம் நிலைத்ததற்கு, கற்பவர் கட்டணம் செலுத்திக் கற்றார் என்பதும் ஒரு காரணம். ஆனால் சென்னை போன்ற பெருநகரத்தில் அது நடந்தது. சிற்றூரில் எப்படி நடக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு ஒரு மணி நேரத் தனிப்பயிற்சிக்கு 300 ரூபாய் என்று வைப்போம். வாரம் மூன்று நாள், மாதம் பன்னிரண்டு வகுப்பு என்றால் 3,600 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 336 ரூபாயாக இருந்தது. ஆழ்வார்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் அந்தக் கூலிக்குப் போகிறவருக்கு இந்தக் கட்டணம் ஏறக்குறைய பதினொரு நாள் உழைப்பு. சம்பளக்காரக் குடும்பங்களுக்குக்கூட அது கனக்கும். நகரத்துத் தனிப்பயிற்சி முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் ஆறு மாதத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான். அதே ஒரு மணி நேரத்தில் ஆறு பேரைச் சேர்த்து, ஆளுக்கு மாதம் 600 ரூபாய் வாங்கினால் மாஸ்டருக்கு அதே 3,600 கிடைக்கிறது. வருகிறவருக்கு இரண்டு நாள் கூலிக்கும் குறைவு. ஆறு பேர் என்பது முக்கியம். அறுபது பேரைக் கூட்டி ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்வது பயிற்சியாகாது. ஆறு பேர் என்றால் ஒவ்வொருவர் முதுகு வளைவதையும் முட்டி உள்ளே மடங்குவதையும் பார்த்துத் திருத்த முடியும், யாருக்குப் போன வாரம் தலைசுற்றியது என்று நினைவிருக்கும்.

இப்படி ஐந்து பேட்ச் நிரம்பினால் மாதம் 18,000 ரூபாய். ஆனால் பன்னிரண்டு மாதமும் நிரம்பாது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பாதி ஊர் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விடிகாலையில் யாரும் வெளியே வரமாட்டார்கள். கார் நடவு, பிசான அறுவடை, கோயில் கொடை, பங்குனித் திருவிழா, பிள்ளைகளின் பரீட்சை என்று வருகை குறையும் நாட்கள் பல. இவற்றுக்காக இரண்டு மாத வருமானத்தைக் கழித்தால் ஆண்டுக்கு 1,80,000. மாதத்துக்குச் சராசரி 15,000. இடவாடகை, மின்சாரம், பாய், கயிறு இவற்றுக்கு மூவாயிரம் போனால் மிஞ்சுவது 12,000. பகுதிநேர ஆசிரியர் 2024-ல் பெற்ற சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டணத்தை மட்டும் நம்பினால் சிற்றூர் மாஸ்டர் பிழைப்பின் விளிம்பில்தான் நிற்பார் என்பதை இந்தக் கணக்கு ஒளிக்காமல் காட்டுகிறது. எட்டு பேட்ச் பிடிப்பவர் நன்றாகவே வாழலாம். எல்லோராலும் அது முடியாது. எனவேதான் பொதுப்பணத்தின் பங்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு பேட்ச்சை, அதாவது பன்னிரண்டு பேரின் கட்டணத்தை, பேரூராட்சியோ சுகாதாரத் துறையோ ஏற்றால் மாதம் 7,200 கூடும். மாஸ்டரின் கையில் 19,200 நிற்கும். ஆண்டுக்கு அரசுக்கு ஆகும் செலவு 86,400 ரூபாய். ஓர் அம்மா உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒதுக்கிய பத்து லட்சத்தில் இப்படி ஒருவரைப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கலாம்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு எனக்குத் தெரியும். உழைத்துச் சாப்பிடும் ஊருக்கு எதற்கு உடற்பயிற்சி? வயலில் இறங்குகிறவனுக்கு ஜிம் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய ஊர் இருக்கிறது. அந்த ஊர் இப்போது இல்லை. உழவை டிராக்டர் செய்கிறது, அறுப்பை எந்திரம் செய்கிறது, தெருமுனைக் கடைக்கும் பைக்கில் போகிறோம். கடையம், முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் பெண்களின் பெரிய வருமானம் பீடி சுற்றுவதிலிருந்து வருகிறது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கழுத்தைக் குனித்து, கால் மடக்கி, நாள் முழுவதும் ஒரே இருப்பில் உட்கார்ந்திருக்கும் வேலை அது. விரல்கள் ஓயாமல் ஓட, உடம்பின் மற்ற பாகமெல்லாம் இறுகிப்போகிறது. இடுப்பு, கழுத்து, தோள்வலி அவர்களுக்கு வேலையோடு வரும் கூலியாகிவிட்டது. வயல்வேலை செய்கிறவருக்கும் அந்த உழைப்பு முழுப் பயிற்சி ஆகாது. நாற்று நடுகிறவரின் இடுப்பு ஒரே பக்கம்தான் வளைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவைக் கேட்கிறது; அதோடு வாரம் இரண்டு நாளாவது பெருந்தசைகளை வலுவாக்கும் பயிற்சியையும் கேட்கிறது. இரண்டாவது பாதியை நம் கிராமங்களில் அநேகமாக யாரும் செய்வதில்லை.

எண்களும் அதையே சொல்கின்றன. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 31, 28 சதவீத அளவில் இருந்தது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. நாட்டின் சராசரி 11.4. 2024-ல் லான்செட் இதழ்க் குழுமத்தில் வெளிவந்த உலக அளவிலான மதிப்பீடு, இந்திய வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை என்றது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். ஆனால் ஊர் ஜிம்மில் நுழைந்து பார்த்தால் இருபது, இருபத்தைந்து வயது ஆண்கள்தான் இருக்கிறார்கள். உடற்பயிற்சி மிகவும் தேவைப்படும் நாற்பது வயதுப் பெண்ணும், அறுபத்தைந்து வயதுப் பெரியவரும், சர்க்கரைக்காரரும் வாசற்படி மிதிப்பதில்லை. ஏற்கெனவே நன்றாக இருக்கும் சிறு கூட்டத்தை நம்பிக் கடை திறப்பதும் இந்தத் தொழில் நொடிவதற்கு ஒரு காரணம். சந்தை இல்லையென்று சொல்கிறோம். சந்தை வெளியே நிற்கிறது.

அந்தப் பெண் வருவதற்குப் பெண் மாஸ்டர் வேண்டும். சிற்றூரில் இதைச் சுற்றிவளைத்துப் பேசிப் பயனில்லை. ஆண்கள் நிறைந்த அறையில், ஆண் ஒருவர் தன் நிற்கும் நிலையைத் திருத்த, பீடித் தட்டை இறக்கிவைத்துவிட்டு ஒரு பெண் வரமாட்டார். அவர் வீடும் விடாது. காலை பதினொரு மணிக்கு, சமையல் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், சத்துணவுக் கூடத்துக்கோ சமுதாய நலக்கூடத்துக்கோ ஒரு பெண் பயிற்சியாளர் வந்தால் வருவார்கள். புடவையிலோ நைட்டிக்கு மேல் துண்டோடோ வந்தாலும் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தெழுவதும், சுவரைத் தள்ளுவதும், ரப்பர் பட்டையை இழுப்பதும் நடக்கும். நகரத்து ஜிம்முக்கு வேலையில்லாத அந்த முற்பகல் நேரம் இங்கே கூலி தரும் நேரமாகிறது. கபடி ஆடிப் பட்டம் வாங்கிய பெண்கள் திருமணமானதும் வீட்டோடு நின்றுவிடுவதை நாம் இயல்பென்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு ஊரை விட்டுப் போகாமல் செய்யக்கூடிய, படிப்புக்கேற்ற வேலை இது. ஆண்களைவிட அவர்களுக்கே இதில் இடம் அதிகம் என்பேன்.

இரண்டாவது மறுப்பு செல்போனிலிருந்து வருகிறது. எல்லாப் பயிற்சியும் யூடியூபில் இலவசமாக இருக்கும்போது மாதம் 600 ரூபாய் எதற்கு? தகவல் இலவசமாகிவிட்டது உண்மை. நினைவூட்டலுக்கே பலன் உண்டு என்பதும் உண்மை: நீரிழிவின் விளிம்பில் இருந்த ஆண்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, நோய் வருவதைக் கணிசமாகக் குறைக்கலாம் என்று சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013-ல் காட்டினார்கள். அதே குழு 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேர் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டில் சர்க்கரை நோய் வந்தது. உணவிலும் நடையிலும் தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் அது 39 சதவீதம். முதியோர் பற்றிய சான்று இன்னும் நேரடியானது. அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுவரை உள்ள, உட்கார்ந்தே பழகிய 1,635 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடல்நலம் பற்றிய வகுப்புகள். மறுபகுதிக்கு வாரம் இரண்டு நாள் மையத்துக்கு வந்து ஆள் மேற்பார்வையில் பயிற்சி, மற்ற நாட்களில் வீட்டில். சராசரி இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், நடமாட்டத்தைப் பெருமளவு இழந்தவர்கள் முதல் பகுதியில் 35.5 சதவீதம், இரண்டாவதில் 30.1 சதவீதம். 2014-ல் வெளியான இந்த ஆய்வு ஏறக்குறைய நம் கேள்வியையே கேட்டது: தெரிந்துகொள்வது போதுமா, செய்யவைக்க ஒருவர் வேண்டுமா? எழுபது வயதில் யார் துணையுமின்றிக் கோயில் படியேற முடிகிறதா என்பது அந்த ஐந்து சதவீதப் புள்ளிகளுக்குள் இருக்கிறது. யூடியூபில் பேசுகிறவருக்கு நம் முட்டி தெரியாது. மூன்று நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவும் மாட்டார்.

மூன்றாவது மறுப்பு நியாயமானது, அதனால் கடினமானது. யார் வேண்டுமானாலும் மாஸ்டர் என்று சொல்லிக்கொள்ளும் தொழிலுக்கு எதை நம்பிப் பொதுப்பணம் தருவது? பிசியோதெரபி முதலிய துறைகளுக்கு 2021-ல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. உடற்பயிற்சியாளருக்கு அப்படிக் கட்டாய உரிமம் எதுவும் இல்லை. புஜபலமே சான்றிதழாகச் செல்லுபடியாகிறது. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபரில், காலைப் பயிற்சிக்குப் பின் உடல்நலம் குன்றி 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது தென்னிந்தியா முழுவதும் ஓர் அச்சம் பரவியது. ஜிம் ஆளைக் கொல்லும் என்று பலர் முடிவுகட்டினார்கள். நாற்பது கடந்தவரைச் சேர்க்கும் முன் ரத்த அழுத்தமும் குடும்ப வரலாறும் கேட்க வேண்டும் என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. வாசல் அடைபடக் கூடாது, வடிகட்டப்பட வேண்டும். அதற்கான அளவுகோல் கைவசம் இருக்கிறது. பி.பி.எட். பட்டம் இருக்கிறது. மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைப்பின் கீழ் உடற்பயிற்சியாளருக்கான தகுதித் தரம் வகுக்கப்பட்டு, தேர்வும் சான்றிதழும் உள்ளன. பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம் குறுகிய காலப் படிப்பும் நடத்துகிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் சான்றிதழ்களுக்குப் பல்லாயிரம் ரூபாய் கட்ட வேண்டியதில்லை. இவற்றில் ஒன்று, முதலுதவிப் பயிற்சி, பொடியும் மருந்தும் விற்பதில்லை என்ற எழுத்துப்பூர்வ உறுதி ஆகிய மூன்றும் உள்ளவருக்கே பொதுப்பணம் என்று விதி வைக்கலாம். கூலி கொடுப்பவர் விதி வைக்க முடியும். கூலியே கொடுக்காதபோது யாரிடம் என்ன தரத்தைக் கேட்பது?

தனியார் தொழிலுக்கு அரசு ஏன் தாங்கல் கொடுக்க வேண்டும் என்பது அடுத்தது. அரசு ஏற்கெனவே செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. இயன்முறை மருத்துவரும் வருகிறார். நாடே பாராட்டிய நல்ல திட்டம் அது. வாழ்நாள் முழுவதும் மாத்திரைக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் அரசு, அந்த மாத்திரையின் அளவைக் குறைக்கக்கூடிய பயிற்சிக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டியதில்லை. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வகுத்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ தொடங்கப்பட்டதும் வரவேற்கத்தக்கதே. ஆனால் நடக்க முடிகிறவரே அதற்கு வருகிறார். பிரிட்டனில் மருத்துவர் எழுதிக்கொடுத்து நோயாளியைப் பயிற்சியாளரிடம் அனுப்பும் முறை 1990-களிலிருந்து உண்டு. அந்த நாட்டின் மருத்துவத் தர நிறுவனம் 2014-ல் அதை ஆராய்ந்து, வெறுமனே சோம்பலாக இருப்பவருக்கு இப்படிப் பணம் செலவழிக்க வேண்டாம், நோயோ நோய்க்கான கூறோ உள்ளவருக்குச் செலவழிக்கலாம் என்றது. நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். எடை ஏற்ற வரும் இளைஞர் தன் காசில் வரட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சர்க்கரைப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கும், விழுந்து எழுந்த முதியவருக்கும், இடுப்பு பிடித்துப்போன பீடித் தொழிலாளிக்கும் பொதுப்பணம் போகட்டும். இயன்முறை மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும், மாஸ்டர் தொடர வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டும்.

இந்தத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு எவ்வளவு குறைவு என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய ஜிம்களைத் தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10-ல்தான் திறக்க விட்டார்கள். நாலரை மாதத்துக்கு மேல் ஒரு ரூபாய் வரவில்லை. அடுத்த ஆண்டு கோடையில் மீண்டும் மூடல். கட்டுமானத்துக்கும் ஆட்டோவுக்கும் உணவு கொண்டுபோகும் இளைஞருக்கும் நலவாரியம் கண்ட மாநிலத்தில் உடற்பயிற்சியாளர் என்று ஒரு பிரிவு இல்லை. 2025 செப்டம்பரில் ஜிம்களுக்கான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது பெரிய நிறுவனங்களுக்கு நல்லது. ஆண்டுக்கு 20 லட்சத்தை எட்டாத சிற்றூர் மாஸ்டர் அந்த வரிக்குள்ளேயே வருவதில்லை, அவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்கு வேண்டியது வாடகையில்லாத இடமும், நிலையான இரண்டு பேட்ச்சும், விபத்தோ நோயோ வந்தால் ஒரு காப்பும்.

புதிதாக இறங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்து லட்சம் கடன் வாங்கிக் கண்ணாடிச் சுவரும் டிரெட்மில்லும் வைத்துத் தொடங்காதீர்கள். வட்டி உங்களைப் பொடி விற்கவைக்கும். முத்ரா திட்டத்தின் முதல் படியான 50,000 ரூபாய்க்குள் பாய், டம்பெல், ரப்பர் பட்டை, ரத்த அழுத்தக் கருவி இவற்றோடு ஆறு பேரைத் தொடங்கலாம். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் செலவில்லாதவை, நம் பெரியவர்களுக்குக் கூச்சமில்லாதவையும்கூட.

ஆழ்வார்குறிச்சிப் பேரூராட்சிக்கும் தென்காசி மாவட்ட நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் சிறியது. ஓராண்டுக்கு, தகுதியுள்ள ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு இரண்டு பேட்ச்சின் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். சமுதாய நலக்கூடத்தைக் காலையிலும் முற்பகலிலும் திறந்துவிடுங்கள். கல்லூரி நிர்வாகம் மைதானத்தின் ஒரு மூலையைத் தரட்டும். சேர்ந்தவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்தம், நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார்கள் என்ற எண் ஆகியவற்றை முதல் நாளும் கடைசி நாளும் குறித்து ஊர் பார்க்க ஒட்டுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டுச் செலவு 1,72,800 ரூபாய்.